டொம்லூர் கோயிலைக் கட்டினது யாரு? விக்கிப்பீடியால ஒரு வரிக்கு நடக்கிற சண்டை எப்படித் தீருது

பெங்களூர்ல டொம்லூர்ங்கிற பகுதில சொக்கநாதசுவாமி கோயில்னு ஒரு பழைய கோயில் இருக்கு. பேரைக் கேட்டதும் நம்மாளுங்களுக்கு மதுரைதான் ஞாபகம் வரும், சிவன் கோயில்னு முடிவு பண்ணிடுவாங்க, ஆனா உள்ள இருக்கிறது பெருமாள், கல்வெட்டுலயே சொக்கப்பெருமாள்னுதான் வருது. சில வருஷம் முன்னாடி அந்தக் கோயிலைப் பத்தி விக்கிப்பீடியால கொஞ்சம் எழுதினேன், ஒரே வாரத்துல ரெண்டு சண்டை வந்துச்சு. ஒருத்தர் வந்து பெருமாளை எடுத்துட்டு சிவன்னு மாத்திட்டார். இன்னொருத்தர் "சோழர் கட்டியது"ன்னு நான் போட்டதைத் தூக்கிட்டார். முதல் சண்டை பத்து நிமிஷத்துல முடிஞ்சது, ரெண்டாவது மூணு வாரம் இழுத்துச்சு. வெளில இருந்து பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், யாரோ எழுதுறாங்க யாரோ அழிக்கிறாங்கன்னு தெரியும், ஆனா உள்ள இருந்து பாத்தா ரெண்டும் வேற வேற ரக சண்டை, தீர்க்கிற வழியும் வேற. அதைத்தான் விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சேன், ஏன்னா பெங்களூர்ல நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் ஆர்வமா உள்ள வந்து, ரெண்டு தடவை அழிபட்டதும் "அவங்க ஆளுங்க பிடிச்சு வெச்சிருக்காங்க"ன்னு கோவிச்சுக்கிட்டு போயிடுறாங்க. அப்படிப் போனவங்க மூணு நாலு பேரை எனக்கே தெரியும், அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துல பாதி கூட இன்னும் அங்க ஏறல.

சிவன்னு மாத்தினவர் கெட்ட எண்ணத்துல பண்ணல. சொக்கநாதர்னா சிவன், யாரோ தப்பா எழுதி வெச்சிருக்காங்க, நாம சரி பண்ணுவோம்னு பண்ணிருக்கார், அவ்ளோதான். அவரோட பயனர் பேச்சுப் பக்கத்துல, அதாவது அவருக்குச் சேதி எழுதி வைக்கிற பக்கத்துல போய், பேர் ஒண்ணா இருந்தாலும் இங்க மூலவர் பெருமாள்தாங்க, இந்தப் புத்தகத்துல இருக்கு பாருங்கன்னு மரியாதையா ஒரு வரி எழுதினேன், சரிங்கன்னு சொல்லிட்டார். இதே இடத்துல நான் ரிவர்ட் மட்டும் அடிச்சிட்டு, அதாவது அவர் மாத்தினதைப் பழையபடி திருப்பிட்டு, "தவறான தகவல் சேர்க்காதீர்கள்"னு ஒரு ரெடிமேட் எச்சரிக்கையை அவர் பக்கத்துல ஒட்டியிருந்தா அவரும் திருப்பி அடிச்சிருப்பார், சண்டை ஆரம்பிச்சிருக்கும். எதிராளி நல்லெண்ணத்தோடதான் பண்றார்னு முதல்ல நம்பணும்ங்கிறது விக்கிப்பீடியாவோட அடிப்படை நடைமுறைல ஒண்ணு, அது ஒழுக்கப் பாடம் மாதிரி தெரிஞ்சாலும் நடைமுறைல அது நேரத்தை மிச்சம் பண்ற வழி.

ரெண்டாவது கதை அப்படி இல்ல. நான் போட்டேன், அவர் எடுத்தார், நான் மறுபடி போட்டேன், அவர் மறுபடி எடுத்தார், விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். இதுக்குப் பேர் எடிட் வார். ரிவர்ட் பண்றது ஒரு கிளிக், ஆனா ஒரு வரிக்கு சரியான சோர்ஸ் தேடுறது சில சமயம் ஒரு வாரம், இந்த ஏற்றத்தாழ்வாலதான் ஜனங்க கிளிக்கை எடுக்கிறாங்க. இதை அடக்கத்தான் ஆங்கில விக்கிப்பீடியா 2004ல ஒரு விதி கொண்டு வந்துச்சு: ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துக்குள்ள மூணு தடவைக்கு மேல ரிவர்ட் பண்ணக் கூடாது, நாலாவது பண்ணா கணக்கை பிளாக் பண்ணலாம். நீங்க சொல்றது உண்மையா பொய்யாங்கிறது அங்க கேள்வியே இல்ல, உண்மையைச் சொன்னவரும் நாலாவது தடவை அடிச்சா வெளிலதான். சரி மூணு வரைக்கும் நம்ம உரிமைன்னு எண்ணி எண்ணி அடிக்கிறவங்களும் இருக்காங்க, அதுவும் செல்லாது, மூணுக்குக் கீழயே நின்னாலும் சண்டை போடுற மாதிரி தெரிஞ்சா பிளாக் வரும். அப்பட்டமா நாசம் பண்றதை அழிக்கிறதுக்கும், உயிரோட இருக்கிற ஒருத்தரைப் பத்தி ஆதாரமில்லாம போட்ட அவதூறைத் தூக்கிறதுக்கும், இது மாதிரி இன்னும் சில விஷயத்துக்கும் மட்டும் இதுல விலக்கு. ஜான் சீகன்தாலர்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பத்தின பக்கத்துல, அவருக்குக் கென்னடி கொலைல சம்பந்தம் இருந்த மாதிரி ஒரு பொய்யை யாரோ எழுதி, அது 2005ல மாசக்கணக்கா யார் கண்ணுலயும் படாம கிடந்துச்சு. உயிரோட இருக்கிறவங்க விஷயத்துல இவ்ளோ கறாரா இருக்கிறதுக்கு அந்த சம்பவம் பெரிய காரணம்.

ரெண்டு தடவை அடிச்சதும் நான் நிறுத்திட்டேன். பயந்து இல்ல, பக்கத்தோட வரலாறுல எல்லாமே அப்படியே இருக்கும்ங்கிறது புரிஞ்சதால. விக்கிப்பீடியால நீங்க எழுதினதை ஒருத்தர் எடுத்துட்டா அது காணாமப் போறதில்ல, எத்தனை மணிக்கு யார் என்ன மாத்தினாங்கன்னு ஒவ்வொரு வடிவமும் சேமிப்புல கிடக்கும், ஒரு மாசம் கழிச்சு கூட ஒரே கிளிக்ல திருப்பிக் கொண்டு வரலாம். இது மனசுல இறங்கிட்டா இன்னிக்கு ராத்திரியே ஜெயிக்கணும்ங்கிற வெறி போயிடும், புதுசா வர்றவங்க கிட்ட நான் முதல்ல சொல்றது இதைத்தான்.

கட்டுரையைப் பத்தி விவாதிக்கிறதுக்குன்னே இருக்கிற அதோட பேச்சுப் பக்கத்துக்குப் போனோம். நான் கேட்டேன், உள்ள தமிழ்க் கல்வெட்டு இருக்கு, அப்புறம் சோழர் இல்லாம வேற யாருங்க கட்டியிருப்பாங்க? அவர் கன்னடக்காரர், ஆங்கிலத்துல பொறுமையா பதில் போட்டார்: கல்வெட்டு தமிழ்ல இருந்தா அது சோழர் கல்வெட்டுன்னு அர்த்தம் இல்ல, எந்த ராஜா காலம்னு படிச்சுப் பாருங்க. போய்ப் பாத்தா, பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ரைஸ்ங்கிற ஆய்வாளர் தொகுத்து 1905ல வந்த எபிகிராஃபியா கர்நாடிகா ஒன்பதாவது தொகுதில டொம்லூர் கல்வெட்டு இருக்கு, தமிழ்லதான் இருக்கு, ஆனா அதுல வர்ற ராஜா ஹொய்சள ராமநாதன். 13ஆம் நூற்றாண்டுல ஹொய்சள ராஜ்யம் பிரிஞ்சப்ப தமிழ்நாட்டுப் பக்கம் கண்ணனூர்ல இருந்து ஆண்டவர். ஊர் பேர் தொம்பலூர்னும் தேசிமாணிக்கப்பட்டணம்னும் வருது. அதாவது ஒரு ஹொய்சள ராஜா காலத்துல இந்த ஊர்ல தமிழ்ல கல்வெட்டு வெட்டியிருக்காங்க. எனக்கு அது நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நான் சொல்ல வந்ததை விட இது பெரிய விஷயம், தமிழ் இங்க ஒரு வம்சத்தோட வந்து ஒரு வம்சத்தோட போன மொழி இல்லன்னு ஆகுது. அவரும் ஒத்துக்கிட்டார், சோழர் காலத்துல கட்டினதுன்னு சொல்ற புத்தகங்களும் இருக்கு, அதை மொத்தமா எடுத்தது சரியில்லன்னு.

இந்த இடத்துல இன்னொரு சிக்கல் வந்துச்சு. நானே கல்வெட்டைப் படிச்சு, நானே அர்த்தம் சொல்லி, "எனவே இது இந்த நூற்றாண்டு"ன்னு எழுதலாமான்னா எழுதக் கூடாது, அது சொந்த ஆய்வு. கல்வெட்டோட வாசகத்துக்கு ரைஸ் தொகுதி போதும், ஆனா அதை வெச்சு என்ன முடிவுக்கு வரலாம்ங்கிறதை ஒரு ஆய்வாளர் எழுதி, அது அச்சுல வந்திருக்கணும், நாம அவரைக் காட்டணும். இது நம்மூர்ல நிறைய பேரை நோகடிக்கிற விதி, தாத்தா காலத்துல இருந்து அந்தக் கோயில் தெருவுல இருக்கிற ஒரு பெரியவர் "எனக்குத் தெரியாதா"ன்னு கேப்பார், அந்தக் கேள்வி நியாயமாத்தான் தோணும். ஆனா படிக்கிறவர் அமெரிக்கால இருந்தும் யாழ்ப்பாணத்துல இருந்தும் படிக்கிறார், பெரியவரைப் போய்க் கேக்க அவரால முடியாது, புத்தகத்தைத் தேடி எடுக்க முடியும். விதிக்குப் பின்னாடி இருக்கிற காரணம் அவ்ளோதான், பெரியவருக்குத் தெரியாதுன்னு யாரும் சொல்லல.

கடைசில வரி இப்படி மாறிச்சு: சோழர் காலத்தில் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது, இங்குள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஹொய்சள அரசர் ராமநாதன் காலக் கொடையைக் குறிப்பிடுகிறது. ரெண்டு பேருக்கும் சம்மதம். இதுல நடந்தது என்னன்னு பாருங்க, "யார் கட்டினா"ங்கிற சண்டை "யார் என்ன சொல்றாங்க, கல்லுல என்ன இருக்கு"ங்கிற வேலையா மாறிடுச்சு. நான் பாத்த நல்ல தீர்வு எல்லாமே கிட்டத்தட்ட இந்த மாதிரி மாறினதுதான். ஊர்ல கன்னடத்துல சொல்வாங்களே "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு, கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்கன்னு, அது பஸ் சீட்டுக்கு சரி, இங்க சரிப்படாது. ஒருத்தர் பத்தாம் நூற்றாண்டுங்கிறார் இன்னொருத்தர் பதினாறுங்கிறார்னா நடுவுல பதிமூணுன்னு போட முடியாது, அது ரெண்டு பேருமே சொல்லாத மூணாவது பொய். நடுநிலைங்கிறது நடுவுல நிக்கிறது இல்ல, எந்தக் கருத்துக்கு ஆய்வாளர்கள் கிட்ட எவ்ளோ எடை இருக்கோ அவ்ளோ எடை குடுக்கிறது.

இதுக்கு நல்ல உதாரணம் பெங்களூர் தமிழர்கள் அடிக்கடி மாட்டிக்கிற "கன்னடம் தமிழ்ல இருந்து பிறந்தது"ங்கிற வரி. மொழியியல் படிச்சவங்க சொல்றது, தமிழும் கன்னடமும் ஒரே மூதாதை மொழில இருந்து, அதாவது தொல் தென்திராவிடத்துல இருந்து கிளைச்சதுன்னு. நாம ஆசையா அந்த வரியைப் போடுவோம், எதிர்ப்பக்கம் கொதிச்சுப் போய் அதை எடுக்கிறதோட நிக்காம சங்க இலக்கியப் பக்கத்துல போய் காலத்தைக் குறைப்பாங்க, பழிக்குப் பழி. இங்க ரெண்டு பக்கமும் சமம்னு "சிலர் இப்படிச் சொல்கிறார்கள் சிலர் அப்படி"ன்னு எழுதிட்டா அது நடுநிலை ஆகாது, ஆய்வு ஒரு பக்கம் தெளிவா நிக்கிறப்ப அதைத்தான் சொல்லணும், நமக்குப் பிடிக்காட்டியும்.

பேச்சுப் பக்கத்துல முடியலன்னா அடுத்து என்ன? ரெண்டே பேர் மட்டும் மோதிக்கிறாங்கன்னா சம்பந்தமில்லாத மூணாவது ஆள் கருத்து கேக்கலாம். அதுலயும் தீரலன்னா பொதுவா எல்லாரையும் கூப்பிட்டு கருத்து கேக்கிற முறை இருக்கு, ஆங்கிலத்துல அது வழக்கமா 30 நாள் ஓடும், முடிவுல வாதங்களை எடை போட்டு ஒருத்தர் முடிச்சு வைப்பார். எண்ணிக்கை பாத்து இல்ல, இதை அடிக்கோடு போட்டு சொல்றேன், ஏன்னா நம்மாளுங்க உடனே சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல லிங்கைப் போட்டு "எல்லாரும் வந்து தமிழுக்கு ஓட்டுப் போடுங்க"ன்னு கூப்பிடுவாங்க. புதுக் கணக்கா இருபது பேர் ஒரே நாள்ல வந்து ஒரே வார்த்தையை எழுதினா, அனுபவமுள்ளவங்களுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும், அந்த இருபதும் கணக்குல வராது, அதோட நியாயமா வாதாடிட்டு இருந்த நம்ம ஒரே ஆளோட பேரும் கெட்டுடும். ஒரு நல்ல புத்தகத்தோட பக்க எண் இருபது ஓட்டை விடப் பெருசு.

எல்லாத்துக்கும் மேல நடுவர் குழுன்னு ஒண்ணு ஆங்கில விக்கிப்பீடியால 2004ல இருந்து இருக்கு, வருஷா வருஷம் பயனர்களே தேர்ந்தெடுக்கிறாங்க. இதை சுப்ரீம் கோர்ட் மாதிரி நினைச்சுக்கிட்டு கோயிலை யார் கட்டினான்னு அவங்க தீர்ப்பு சொல்வாங்கன்னு எதிர்பாக்கிறாங்க. சொல்ல மாட்டாங்க. அவங்க பாக்கிறது நடத்தை மட்டும்தான், யார் மிரட்டினா, யார் ரெண்டு கணக்கு வெச்சு ஏமாத்தினா, யாரை அந்தத் தலைப்புல இருந்து தள்ளி வைக்கணும். உள்ளடக்கம் என்னிக்குமே எழுதுறவங்க கிட்டயேதான் இருக்கு. இந்தியா, பாகிஸ்தான் பத்தின பக்கங்களுக்கு 2007 வழக்குல இருந்தே தனிக் கெடுபிடி உண்டு, ஜாதி பத்தின பக்கங்களுக்கு 2012ல இருந்து. அந்த ஜாதிப் பக்கங்கள்ல தர்ஸ்டன் மாதிரி வெள்ளைக்காரன் காலத்து ஆவணத்தைக் காட்டி "நாங்க ராஜ வம்சம்"னு எழுதினா இப்ப நிக்காது, பின்னாடி வந்த ஆய்வு கேப்பாங்க. ரொம்ப சூடான பக்கத்தைப் பூட்டியும் வைப்பாங்க, ஒரு அளவுப் பூட்டுன்னா நாலு நாள் பழசான, பத்து எடிட் பண்ண கணக்கு வேணும், கடுமையான பூட்டுன்னா 30 நாளும் 500 எடிட்டும் வேணும்.

சில சமயம் வாதத்தால தீராதுன்னு தெரிஞ்சு, சண்டைப் பொருளையே எடுத்துடுறதும் உண்டு. ஆங்கிலத்துல இந்தியா சம்பந்தமான கட்டுரைகளோட முதல் வரில பேரை இந்திய எழுத்துல போடக் கூடாதுன்னு 2012ல முடிவாச்சு. காரணம் யோசிச்சா புரியும், ரஜினிகாந்த் பேரைத் தமிழ்ல போடணுமா, மராத்திலயா, பெங்களூர்ல வளர்ந்ததால கன்னடத்துலயா, எந்த மொழி முதல்லன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் அடிதடி, இதுல எழுத்துப் பிழை வேற. நம்ம எழுத்தை அங்க பாக்க முடியலங்கிறது எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் அது இல்லாம எத்தனை பேர் நேரம் மிச்சம் ஆகியிருக்கும்னு பாக்கிறப்ப தப்புன்னு சொல்ல மனசு வரல. ஊர் பேர் சண்டையும் இப்படித்தான். அரசாங்கம் 2014 நவம்பர் 1ல பெங்களூருன்னு மாத்திடுச்சு, ஆனா ஆங்கிலக் கட்டுரை அதுக்கப்புறமும் பல வருஷம் பழைய பேர்லயே நின்னுச்சு, ஏன்னா அங்க கேக்கிறது அரசாணை என்ன சொல்லுதுன்னு இல்ல, ஆங்கிலத்துல பெரும்பாலான நம்பகமான ஏடுகள் எந்தப் பேரை எழுதுதுன்னு. உக்ரைன் தலைநகரோட பேரை அந்த நாட்டு உச்சரிப்புக்கு மாத்த 2020 வரைக்கும் ஆச்சு.

நான் மனசார மதிக்கிற ஏற்பாடு இலங்கை விஷயத்துல நடந்ததுதான். போர் நடந்துட்டு இருந்தப்பவே, ரெண்டு பக்கத்து ஆளுங்களும் வெளியாளுங்களும் சேர்ந்து ஆங்கில விக்கிப்பீடியால இலங்கை நல்லிணக்கத்துக்குன்னு ஒரு திட்டப் பக்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க செத்தவங்க எண்ணிக்கையைப் பத்தி வாதாடுறதுக்கு முன்னாடி சோர்ஸ் பட்டியலை எடுத்து உக்காந்தாங்க: எதை அப்படியே எடுக்கலாம், எதை "இந்தத் தரப்பு சொல்கிறது"ன்னு அடையாளத்தோட மட்டும் எடுக்கலாம். தமிழ்நெட்ங்கிற செய்தித் தளத்தை எடுத்தா அது புலிகள் சார்புன்னு சொல்லி எடுக்கணும், பாதுகாப்பு அமைச்சகத் தளத்தை எடுத்தா அது அரசு தரப்புன்னு சொல்லணும். வீட்டுல சாவு விழுந்தவங்க எதிரெதிரா உக்காந்து இந்தப் பட்டியலைப் போட்டிருக்காங்கன்னு நினைச்சாலே எனக்குத் தொண்டை அடைக்கும். 2016 செப்டம்பர்ல காவிரிக்காக இங்க பஸ்ஸை எரிச்சப்ப அந்தப் பட்டியலைத்தான் நான் திறந்து படிச்சேன். காவிரிப் பக்கத்துல கூட அப்படித்தான் நிக்கணும், 2018 பிப்ரவரி 16 தீர்ப்புல கர்நாடகம் பிலிகுண்டுலுல திறக்க வேண்டியது 177.25 டிஎம்சின்னு இருக்கு, அது எண், எண்ணுக்குத் தரப்பு கிடையாது. "அநியாயமாகக் குறைக்கப்பட்டது"ங்கிறதுக்குத் தரப்பு உண்டு, அதை யார் சொன்னாங்கன்னு பேர் போடணும்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கு வந்தா நிலைமை வேற. 2003ல ஆரம்பிச்சது, ஆரம்ப காலத்துல அதைத் தூக்கி நிறுத்தினதுல யாழ்ப்பாணத்துக்காரர் மயூரநாதனுக்குப் பெரிய பங்கு, 2017ல ஒரு லட்சம் கட்டுரை தாண்டிச்சு. ஆங்கிலத்துல இருக்கிற மாதிரி அடுக்கடுக்கா மன்றம் எல்லாம் இங்க ஓடாது, தொடர்ந்து எழுதுறவங்க கொஞ்சம் பேர்தான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பொதுப் பேச்சு நடக்கிற இடத்துக்குப் பேரே ஆலமரத்தடி, அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இங்க வர்ற சண்டை பெரும்பாலும் எழுத்து சண்டை. ரஷ்யாவா உருசியாவா, ஜ ஷ ஸ ஹ வரலாமா கூடாதா. நாம டொராண்டோன்னு எழுதினா ஈழத்தவர் ரொறன்ரோன்னு எழுதுவாங்க, அவங்க வாய்க்கு அதுதான் சரி. ஒரு தலைப்புக்கு ஒரு வடிவம்தான் வைக்க முடியும், மத்த வடிவத்தை எல்லாம் வழிமாற்றாப் போட்டுட்டா எதைத் தேடினாலும் அந்தப் பக்கம் வந்துடும், நிறைய சண்டையை இந்த ஒரு சின்ன வசதி முடிச்சு வெச்சிருக்கு. ஆனா நிஜமான ஆபத்து வேற ஒண்ணு: ஆள் கம்மிங்கிறதால சண்டைல இருக்கிறவரே நிர்வாகியாவும் இருப்பார். தான் வாதாடுற பக்கத்தைத் தானே பூட்டக் கூடாது, தன் எதிராளியைத் தானே தடை பண்ணக் கூடாது, இது எந்த விக்கிக்கும் பொருந்தணும், சின்ன விக்கிக்கு ரொம்பவே பொருந்தணும். ஆங்கிலத்துல ஒருத்தர் மனசு உடைஞ்சு போனா அந்த இடத்துக்கு வேற ஆள் வருவார். தமிழ்ல தாவரங்களைப் பத்தி எழுதிட்டிருந்த ஒருத்தர் போனா தாவரமே நின்னுடும்.

சண்டை வெளில கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்ங்கிறதையும் இப்ப பாத்துட்டோம். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பத்தின கட்டுரைக்காக 2024 ஜூலைல டெல்லி ஹைகோர்ட்ல 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டுச்சு, எழுதின பயனர்கள் யாருன்னு சொல்லச் சொன்னாங்க, அந்த வழக்கைப் பத்தின விக்கிப்பீடியா பக்கத்தையே அக்டோபர்ல எடுக்க வெச்சாங்க. 2025 மே 9ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்ன உத்தரவை ரத்து பண்ணிச்சு. தன் பேரை மறைச்சு ராத்திரி உக்காந்து எழுதுற சாதாரண ஆளுக்கு இது பெரிய பயம், அதுவும் நம்ம மாதிரி வேற மாநிலத்துல வாழ்ந்துட்டு மொழி விஷயம் எழுதுறவங்களுக்கு. அதனாலதான் ஒவ்வொரு வரிக்கும் சோர்ஸ் போடுங்கன்னு நான் விடாம சொல்றது, பக்கத்துக்கு மட்டும் இல்ல, எழுதுறவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

டொம்லூர் பக்கத்துல போன வருஷம் மறுபடி ஒருத்தர் ஹொய்சளர் வரியைத் தூக்கிட்டு "சோழர் கட்டியது, அவ்வளவுதான்"னு போட்டிருந்தார். நான் காலைல எழுந்து பாக்கிறப்ப அது ஏற்கெனவே திரும்பி வந்திருந்துச்சு. திருப்பினவர் யாருன்னு எனக்குத் தெரியாது, முன்ன பின்ன பேசினதும் இல்ல. மாற்றத்துக்குக் காரணம் எழுதுற இடத்துல "பேச்சுப் பக்கத்தைப் பார்க்கவும், இது பேசி முடிவானது"ன்னு மட்டும் எழுதிருந்தார்.